மேற்கே ஒரு சாண்

பணகுடியில்
கூடையைப் பார்த்துப் பந்து எறிகிறவள் தோற்பாள்.
ஆனியில் பிடித்தால் புரட்டாசி வரைக்கும்
கணவாய்க் காற்று
மைதானத்தை மேற்கிலிருந்து கிழக்காகப் பெருக்கிக்கொண்டே இருக்கும்.
வடக்குக் கம்பத்துப் பலகையைப்
போன வருஷமே தூக்கிக்கொண்டுபோய்
ஹாலோபிளாக் கம்பெனிச் சுவரில் சாய்த்துவிட்டது.
மிச்சம், தெற்கு ரிங் ஒன்று.
வலை கிடையாது.
விழுந்ததா விழவில்லையா என்று
தினமும் ஒரு சண்டை.

வளையத்துக்கு மேற்கே ஒரு சாண்.
காற்றாடி வெறிபிடித்துச் சுற்றினால் ஒன்றரை.
முப்பிடாதி எறியுமுன்
கம்பத்தைப் பார்க்கவே மாட்டாள்.
ரயில் ரோட்டுக்கு அந்தப் பக்கம்
மூன்றாவது காற்றாலையின் இறக்கையைப் பார்ப்பாள்.
பிறகு ஒன்றுமே இல்லாத இடத்துக்கு விடுவாள்.
பந்து அங்கே போய்
ஒரு கணம் யோசித்து,
பட்டிக்குத் திரும்பும் ஆடுபோல
ரிங்குக்குள் வரும்.

நான் எட்டாவது ஆள்.
தைத்து வந்தது ஏழு சட்டை.
ஏழு முதுகிலும் செல்வின் மோட்டார் வைண்டிங்,
அதற்குக் கீழே நம்பர்.
எனக்கு நோட்டு, பேனா, தண்ணீர்க் கேன்.

வள்ளியூர்த் திறந்த மைதானத்தில்
களக்காட்டை ஜெயித்தோம்.
அம்பாசமுத்திரத்துக்காரிகள் உயரம்,
ஷூவெல்லாம் புதுசு.
ஆனால் மலை மறைவில் வளர்ந்தவர்கள்.
நேராக எறிந்து எறிந்து
உடைமரக் காட்டுக்குள் பந்து பொறுக்கினார்கள்.
சோசியல் டீச்சர் கணக்குப் பார்த்துச் சொன்னார்:
நாம ஃபைனல்.

பாளையங்கோட்டையில் உள்ளரங்கு.
மரத்தரை, முகம் தெரிகிற பளபளப்பு.
செருப்பைக் கழற்றவா என்று கேட்டாள் பாத்திமுத்து.
தலைக்கு மேல் தகரக்கூரை,
நான்கு பக்கமும் சுவர்.
முப்பிடாதியின் முதல் பந்து
ஒரு சாண் விலகிப் போனது,
போனது போனதுதான்.
திரும்பி வரவே இல்லை.
இரண்டாவதும் அப்படியே.
நோட்டில் அவர்கள் பக்கம் பதினாறு,
எங்கள் பக்கம் இரண்டு.
அந்த இரண்டும்
ரிங்குக்கு அடியில் நின்று ஜெனோவா திணித்தது.

தண்ணீர் குடிக்க வந்த ரெக்சலின் கேட்டாள்:
“ஏட்டி, இந்தக் கட்டடத்துல மேக்கு எங்கன இருக்கு?”
கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டினேன்.
அதுவும் நிச்சயமில்லை.

இடைவேளையில் யாரும் வீரவசனம் பேசவில்லை.
டீச்சர் வேன் டிரைவரைத் தேடிப் போயிருந்தார்.
முப்பிடாதி ஆள்காட்டி விரலை நக்கி
மேலே நீட்டிக்கொண்டு நின்றாள்,
பஸ்ஸை நிறுத்துகிறவள் மாதிரி.
விரல் எல்லாப் பக்கமும் ஒன்றுபோலக் காய்ந்தது.
“சவத்த, இங்க ஒண்ணுமே இல்லட்டி”
என்று சிரித்தாள்.

அதற்குப் பிறகு நேராக எறிந்தாள்.
பொய்யே சொல்லிப் பழகியவள்
உண்மை சொல்லும்போது திக்குகிற மாதிரி
பந்து வளையத்தில் இடறி, உருண்டு,
உள்ளே போயிற்று.
பிறகு திக்காமல் போயிற்று.
இருபத்திரண்டு, இருபத்தேழு.
என் எழுத்து கோணத் தொடங்கியது.
எதிர்ப்பக்கப் பெஞ்சில் எவளோ
நகம் கடிப்பது இங்கே தெரிந்தது.

நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு.
கடைசிப் பந்து பாத்திமுத்துவிடம்.
கோட்டுக்கு வெளியே, யாரும் மறிக்கவில்லை.
மனசு புதுசு, கை பழைய கை.

நாங்குநேரிக் குளக்கரை தாண்டியதும்
காற்று வேனை மோதியது.
ஒருத்தியும் கண்ணாடியை ஏற்றவில்லை.
பாத்திமுத்து கையை வெளியே நீட்டி
வள்ளியூர் வரும்வரை
உள்ளே எடுக்கவில்லை.

மறுநாள் காலை
தெற்கு ரிங்குக்கு எதிரே முப்பிடாதி.
நேராக எறிந்தாள். பந்து கிழக்கே போய்
உடைமரத்தில் குத்தி நின்றது.
“ரிங்க யாரோ நகத்தி வச்சிருக்கா” என்றாள்.

பஞ்சர் ஒட்டப் போகுமுன்
நோட்டில் புதுப்பக்கம் புரட்டி எழுதினேன்:
பாளையங்கோட்டை – சுழி.
பணகுடி, காலை ஆறரை – ஒன்றேகால் சாண்.